தங்கம் சூரியனைப் பார்க்கப் போனாள்

"மறக்க முடியாத சுற்றுலா இடம் எது?"

இந்தக் கேள்வியை ஒரு வீட்டின் ஹாலில் கேட்டால் ஒரு பதில் வருகிறது. அதே வீட்டின் சமையலறையில் கேட்டால் வேறு பதில் வருகிறது. நம்ப மாட்டீர்களா? அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குவார்ட்டர்ஸில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன்.

கேள்வி கேட்டவள் யாழினி. நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில் என்னிடம் படித்தவள். இதே நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்து, வேப்பமர நிழலில் சைக்கிள் ஓட்டிப் பழகிய பெண். இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். தலைப்பு — சுற்றுலாவில் பெண்கள்.

அதில் ஆராய என்ன இருக்கிறது என்று நானும்தான் கேட்டேன். ஆணும் போகிறார், பெண்ணும் போகிறார். ஒரே பஸ், ஒரே லாட்ஜ், ஒரே கோயில்...

அவள் சிரித்துக்கொண்டே திருப்பிக் கேட்டாள். ஒரு குடும்பம் லாட்ஜுக்குள் நுழைகிறது. ரிசப்ஷனில் கையெழுத்துப் போடுவது யார்? வேன்காரரிடம் பேரம் பேசுவது யார்? கிளம்பும்போது, "எல்லாம் வசதியா இருந்துச்சா சார்?" என்று யாரைப் பார்த்துக் கேட்கிறார்கள்? அந்த 'சார்' சொல்கிற பதில்தான் மொத்தக் குடும்பத்தின் பதில். சுற்றுலாப் பயணி என்றாலே அவர்தான். கூட வந்த அம்மாவிடம் யாரும் கேட்பதில்லை. அதனால் ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேச வேண்டும் என்றாள்.

"சேந்து உக்காந்தா ஒரே குரல்தான் டீச்சர் கேக்கும்" என்றாள்.

ஆள் சேர்ப்பதற்கு நெய்வேலியைவிட நல்ல ஊர் கிடைக்குமா? குடும்பத்தோடு ஊர் சுற்றி வர நிலக்கரிக் கம்பெனி தருகிற எல்.டி.சி. சலுகையில் காசிக்கோ கன்னியாகுமரிக்கோ போகாத வீடு எங்கள் பிளாக்கில் கிடையாது. கோயம்புத்தூர்க்காரர், திருநெல்வேலிக்காரர், பக்கத்துக் கிராமத்துக்காரர் என்று எல்லா ஜில்லாவும் கலந்த ஊர். லீவு வந்தால் எல்லோருக்கும் ஒரே வேலை — மூட்டை கட்டுவது.

எங்கள் வீட்டு ஹாலில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். அங்கே நாயகன் ராஜவேலு அண்ணன்தான். சுவருக்கு அந்தப்பக்கத்து வீடு. கம்மாபுரம் பக்கத்து விவசாயக் குடும்பம். நிலம் மைன்ஸுக்குப் போனபோது கிடைத்த வேலை. கன்வேயர் பெல்ட்டில் ஷிப்ட் பார்க்கிறார். ஊரில் அவருக்குப் பெயர் 'டூர் ராஜவேலு'. எந்த ரயில் எந்த ஸ்டேஷனில் எவ்வளவு நேரம் நிற்கும், எந்த மடத்தில் அறை கிடைக்கும், எல்லாம் வாயிலேயே வைத்திருப்பார். நாலைந்து குடும்பங்களைச் சேர்த்து வேன் பிடித்து அழைத்துப்போவதில் அப்படி ஒரு சந்தோஷம். யாருக்காவது கால் வலித்தால் அவர்கள் பையும் இவர் தோளில்தான். எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை தான் சாப்பிட மாட்டார். நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் அவரைத் தப்பாக நினைக்கக் கூடாது.

ஹாலில் வந்த பதில்கள் — தாஜ்மஹால். அமிர்தசரஸ் பொற்கோயில். இமயமலை அடிவாரம். கன்னியாகுமரி சூரிய உதயம். ராஜவேலு அண்ணன் உதயத்தைக் கையால் வரைந்தே காட்டினார்.

பிறகு யாழினி சமையலறைக்கு வந்தாள்.

அங்கே பெண்கள் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் ஆரம்பித்தார்கள். ஒருத்திக்கு ஹரித்வாரில் ஓர் ஆசிரமத்தை மறக்க முடியாதாம். கங்கைக்காகவா? இல்லை. அங்கே சாப்பாடு போட்டார்களாம். அந்த ரெண்டு நாள் மட்டும் அவள் ஸ்டவ்வைப் பையிலிருந்து எடுக்கவில்லை. இன்னொருத்திக்கு ஆந்திராவில் ஏதோ ஒரு பெட்ரோல் பங்க். பாத்ரூம் சுத்தமாக இருந்தது, தாழ்ப்பாளும் இருந்தது. அதுவரை காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வந்தவளாம் அவள். மூன்றாவது பெண் மெல்லிய குரலில் சொன்னாள் — நாள் தள்ளிப்போக மாத்திரை போட்டும் கேட்காமல், காசி விசுவநாதர் கோயில் வரைக்கும் போய், செருப்புகளுக்குக் காவலாக வெளியே உட்கார்ந்திருந்த கதையை. இந்தியாவில் இருக்கிற முக்கால்வாசிக் கோயில்களின் செருப்பு ஸ்டாண்ட் தனக்குத் தெரியும் என்று சொல்லிச் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம்.

தங்கம் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ராஜவேலு அண்ணனின் மனைவி. பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவதிகைதான் பிறந்த ஊர். இருபது வருஷத்துக்கு மேலாக எங்களுக்குள் காம்பவுண்டுச் சுவர் ஒன்றுதான். என் வீட்டு வேலையைக்கூட என்னைச் செய்யவிட மாட்டாள்.

நீங்கள் கன்னியாகுமரிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறீர்களே, அங்கிள் அப்படி வர்ணித்தாரே, சூரிய உதயம் எப்படி இருந்தது ஆன்ட்டி என்று யாழினி கேட்டாள்.

தங்கம் நிமிரவில்லை.

"நல்லா இருந்துச்சுன்னு அவரு சொன்னாரு."

சமையலறையே சிரித்தது. யாழினி சிரிக்கவில்லை. நீங்கள் பார்க்கவில்லையா என்று கேட்டாள்.

தங்கம் சாதாரணமாகத்தான் சொன்னாள். வேன் ஏழு மணிக்குக் கிளம்பிவிடும். அதற்குள் எல்லாருக்கும் டிபன் கட்ட வேண்டும், பாத்திரம் கழுவி மூட்டை கட்ட வேண்டும், மாமியாருக்கு வெந்நீர் வைக்க வேண்டும். பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது தூங்குகிற பிள்ளையோடு யாராவது இருக்க வேண்டும். பிள்ளைகள் வளர்ந்த பிறகு பைகளோடு யாராவது இருக்க வேண்டும். "யாராச்சும் ஒருத்தரு ரூம்ல இருக்கணும் இல்ல பாப்பா?" என்றாள்.

யாராச்சும் ஒருத்தர்! ஒவ்வொரு தடவையும் அந்த ஒருத்தராக அவளே இருந்திருக்கிறாள்.

யாழினியின் கடைசிக் கேள்வி, யாருமே கூட இல்லாமல் நீங்கள் மட்டும் போகலாம் என்றால் எங்கே போவீர்கள் என்பது. சமையலறை அமைதியாகிவிட்டது. குக்கர் மட்டும் விசில் அடித்தது. பதில் தெரியாத அமைதி இல்லை அது... இப்படி ஒரு கேள்வியே வராத அமைதி. ஒருத்தி, தனியாகப் போய் என்ன செய்வது என்றாள். இன்னொருத்தி, அம்மா வீடு என்று சொல்லிவிட்டு, அங்கேயும் வேலைதான் என்று தானே திருத்திக்கொண்டாள்.

தங்கம் கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டாள். "அங்கதான், அந்தச் சூரியன் வர்ற எடத்துக்கு" என்றாள். அவ்வளவுதான்.

சில கேள்விகளைக் கேட்டுவிட்டு ஆராய்ச்சியாளர் பஸ் ஏறிப் போய்விடுகிறார். கேள்வி போவதில்லை, வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

அடுத்தடுத்த நாட்களில் துணி காயப்போடும்போது தங்கம் ஏதாவது கேட்பாள். கடலுக்குள்ளிருந்து வருமாமே, சிவப்பாகவா, மஞ்சளாகவா? வரும்போது சத்தம் இருக்குமா, இல்லை எல்லாரும் பேசாமல் நிற்பார்களா? நான், கடலூர் ஒரு மணி நேரம்தானே, அங்கேயும் கிழக்குக் கடல்தான், அதே சூரியன்தான், ஒரு நாள் விடியற்காலை பஸ் ஏறினால் ஆச்சு என்றேன். பெரிய புத்திசாலி மாதிரி.

"கடலூருக்குப் போனா மார்க்கெட்டுலதான் டீச்சரக்கா கால் நிக்கும். மீனு வாங்கிகினு சீக்கிரம் வூடு போய்ச் சேரணும்னு தோணும்" என்றாள்.

புரிந்தது. அவளுக்கு வேண்டியது சூரியன் மட்டும் இல்லை. வீட்டு வேலை கூப்பிட்டால் காதில் விழாத தூரமும்தான்.

ஒரு வழியாகக் கணவரிடம் கேட்டுவிட்டாள். கன்னியாகுமரி போக வேண்டும் என்று அவள் வாயைத் திறந்து ஓர் ஊரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ராஜவேலு அண்ணனுக்கு ஒரே குஷி. அன்று சாயங்காலமே வேனுக்குச் சொல்லி, இரண்டு பிளாக் தள்ளி இருப்பவர்களிடமெல்லாம் பேசி, யார் யார் வருகிறார்கள் என்று ஏற்பாடே செய்துவிட்டார். போகிற வழியில் மதுரை, திருச்செந்தூர் எல்லாம் சேர்த்துக்கொண்டார்.

அவள் வேண்டாம் என்றாள். தான் மட்டும் போக வேண்டும் என்றாள்.

மறுநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சேரில் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

"நான் குடிக்கிறவனா டீச்சர்? அவள ஒரு சொல்லு சொல்லியிருப்பனா? ஒரு ஊருக்காச்சும் அவள வூட்ல வுட்டுட்டுப் போயிருப்பனா? இப்ப வந்து தனியாப் போறேன்னா, நான் என்னா கொற வச்சேன்?"

ஒரு குறையும் வைக்கவில்லை அண்ணே என்றேன். அதுதான் உண்மை. அதுதான் சிக்கலும்! கெட்ட கணவனிடமிருந்து தனியாகப் போக வேண்டும் என்றால் ஊரே ரயில் ஏற்றிவிடும். நல்ல கணவனை விட்டுவிட்டு இரண்டு நாள் தனியாக இருக்க ஆசை என்றால், அதற்கு என்ன காரணம் சொல்வது?

அவள் ஒரு தடவைகூட உதயத்தைப் பார்த்ததில்லை என்பது அவருக்குத் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று தங்கத்திடம் கேட்டேன். அவ்வளவு ஆசையாக அழைத்துப்போகிற மனுஷனிடம் போய் இதை எப்படிச் சொல்வது, மனசு கஷ்டப்படும் என்றாள். அவருக்கு நானும் சொல்லவில்லை. அது அவள் சொல்ல வேண்டிய விஷயம்.

சில நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு முடிவு வந்தது. டீச்சர் கூடப் போவதானால் போகட்டும்.

நான் உடனே சரி என்றேன். தோழிக்காக என்று நினைக்காதீர்கள்... எனக்கும் ஓர் ஆசை இருந்தது. நானும் கன்னியாகுமரிக்குப் போயிருக்கிறேன், பள்ளி எக்ஸ்கர்ஷனில். உதயம் பார்க்கப் பிள்ளைகளை வரிசையாகப் பாறையில் நிறுத்திவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் முகங்கள் திடீரென்று ஆரஞ்சு நிறமாகின. நான் பார்த்த உதயம் அவ்வளவுதான்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளைப் பெண் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆண் வாசகர்களுக்காக: மாவு அரைப்பது, புளிக்காய்ச்சல் கிண்டுவது, எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று பாடம் நடத்துவது. "ரெண்டே நாள்தானே, நாங்க சமாளிச்சுக்குவோம்" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். சொல்லிவிட்டு, உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

விருத்தாசலம் ஸ்டேஷன் வரை ராஜவேலு அண்ணன் வந்தார். வழியெல்லாம் பேசவில்லை. ரயில் வந்ததும் பெட்டிக்குள் ஏறி, சூட்கேஸைச் சங்கிலி போட்டுப் பூட்டி, ஜன்னல் ஷட்டர் ஏறி இறங்குகிறதா என்று பார்த்து, எதிர் சீட்டில் இருந்த பெரியவரிடம், "லேடீஸ் ரெண்டு பேருதான், கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். எங்கள் இருவருக்கும் பேரன் பேத்தி எடுக்கிற வயசு! தங்கத்தின் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை. ரயில் நகர்ந்தபோது பிளாட்பாரத்தில் கூடவே கொஞ்ச தூரம் நடந்தார். அவள் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கன்னியாகுமரியில் நாங்கள் இறங்கியபோது அன்றைய சூரியன் வெகு உயரத்தில் இருந்தது. மறுநாள் காலைக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

லாட்ஜில் ஒரு வேடிக்கை. ரிசப்ஷனில் இருந்தவர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஜென்ட்ஸ் வண்டிய பார்க் பண்ணுறாங்களா?" என்றார். யாரும் வரவில்லை, நாங்கள்தான் வந்திருக்கிறோம் என்றேன். ரூம் இருக்கிறதா என்று உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். பலகையில் சாவிகள் தொங்கிக்கொண்டிருக்கின்றன... கேட்டுவிட்டு வருகிறார்! கடைசியில், எதற்கும் ஜென்ட்ஸ் நம்பர் ஒன்று கொடுங்கள் என்றார். நான் சண்டைக்குத் தயாரானேன். தங்கம் முந்திக்கொண்டு பவ்யமாக ஒரு நம்பர் சொன்னாள். மாடிப்படி ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது, அது அவளுடைய நம்பர்.

சாவி கிடைத்தது. கடல் பார்த்த ரூம் இல்லை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த லாட்ஜின் சுவர்.

அன்று முழுக்கச் சுற்றினோம். இப்போது யோசித்தால் ஒன்று புரிகிறது — தங்கம் அன்றும் வேலையில்தான் இருந்தாள். என் காலைப் பார்த்தாள், வலிக்கிறதா என்றாள். வெயிலுக்கு எனக்குக் குடை பிடித்தாள். ஓட்டலில் என் தட்டில் பொரியல் தீர்ந்ததை எனக்கு முன் கவனித்தாள். படகுத்துறை வரிசையில் நான் நிழலில் நிற்க, அவள் வெயிலில் நின்றாள். நானும் சுகமாக நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டோம். வெளியே படிகளில் செருப்புச் சத்தம், பிள்ளைகளை அதட்டுகிற சத்தம், எல்லோரும் கடற்கரைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் புடவை மாற்றித் தயாராக நின்றேன். தங்கம் கட்டிலில் உட்கார்ந்தே இருந்தாள்.

"டீச்சரக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே."

கேள் என்றேன்.

"நீங்க ரூம்லயே இருக்கீங்களா? நான் மட்டும் போயி வரட்டுமா? நீங்க கூட வந்தா, குளிருதான்னு ஒங்களத்தான் பாத்துகினு இருப்பேன். டீ வேணுமான்னு கேப்பேன். உக்கார எடம் தேடுவேன். சூரியன பாக்க மாட்டேன். எனக்கு என்னைப் பத்தித் தெரியும்."

இவ்வளவு தூரம் வந்தாயிற்று. எனக்கும் பார்க்க வேண்டும். சாயங்காலம் ரயில், இன்னொரு காலை கிடையாது. வேறு பக்கமாக நான் போகலாம்தான். ஆனால் கூட்டத்தில் என் தலை தெரிந்தால் போதும், அவள் கண் அங்கேதான் நிற்கும்.

போய் வா என்றேன். போனை சார்ஜில் விட்டுவிட்டு, கைப்பையைக்கூட எடுக்காமல், வெறும் கையோடு போனாள். அப்படி வெறும் கையோடு அவள் நடந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு பை, ஒரு பிள்ளை, ஒரு டிபன் கேரியர், ஏதாவது ஒன்று கையில் இருக்கும்.

நான் உட்கார்ந்தேன்.

ஒரு ரூமில் தனியாக உட்கார்ந்திருப்பது பெரிய கஷ்டமா என்ன? புத்தகம் இருந்தது. படிக்க முடியவில்லை. வெளியே செருப்புச் சத்தம் அடங்கிவிட்டது. எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். காது தானாகக் கடல் பக்கமே போனது. எதிர்ச் சுவர் கறுப்பாக இருந்தது, பிறகு சாம்பல், பிறகு சுண்ணாம்பின் வெள்ளை. தண்ணீர்க் குழாய் ஒன்று தெரிந்தது. அதில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. இப்போது வந்திருக்குமா? இல்லை இப்போதா? ஒரு தடவை கூட்டத்தின் இரைச்சல் எழும்பிக் கேட்டது. நான் எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டேன். சுவரில் என்ன தெரியும்? கழுத்தை நீட்டிப் பார்த்தால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு கோடு வானம். அதில் மேகம்.

எனக்கு ஒரு காலைக்கே இப்படி. அவள் வருஷக்கணக்காக இப்படி உட்கார்ந்து, அடுப்பைப் பற்றவைத்து, இட்லிக்குச் சட்னி அரைத்து...

தங்கத்தின் போன் அடித்தது. ராஜவேலு அண்ணன்.

அவள் வெளியே போயிருக்கிறாள் என்றேன். தனியாகவா என்றார். ஆமாம் என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர், "மேகமா இருக்குதா டீச்சர்?" என்றார்.

கொஞ்சம் மேகம்தான் என்றேன்.

பெங்களூரில் இருக்கும் மகளிடம் முந்தின நாள் பேசினாராம். உன் அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது, பார்த்த ஊரையே பார்க்கத் தனியாகப் போயிருக்கிறாள் என்று குறை சொன்னாராம். மகள், அம்மா எப்போதப்பா பார்த்தார்கள், ரூமில் இல்லையா இருந்தார்கள் என்று கேட்டிருக்கிறாள்.

"எல்லாத்தையும் நான்தான் பாத்துப் பாத்து செஞ்சேன் டீச்சர். ஒருத்தர வுடல. இவ நம்ம பின்னாலதான் நிக்கிறான்னு நெனச்சிகினே இருந்திருக்கேன். திரும்பிப் பாக்கல." ஷிப்டுக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டார்.

ஏழு மணி ஆயிற்று. கீழே வேன்கள் கிளம்புகிற சத்தம். படியேறி வந்தவர்கள், ஒரே மேகம், வந்ததே வீண் என்று பேசிக்கொண்டு போனார்கள். இவ்வளவு ஆசைப்பட்டு வந்தவளுக்கா இப்படி?

தங்கம் வரவில்லை. எட்டு ஆயிற்று. வரவில்லை. தேடிப் போகலாமா என்று இரண்டு தடவை செருப்பில் காலை நுழைத்தேன், இரண்டு தடவையும் எடுத்தேன்.

வந்தபோது அவள் புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. முடியெல்லாம் காற்றில் கலைந்திருந்தது. அதைச் சரி செய்துகொள்ளவும் இல்லை. கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள். முதலில் மேகம் மூடிக்கொண்டதாம். எல்லோரும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வண்டிக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்களாம். பாறையில் அவளும் ஒரு சுண்டல்காரியும்தான் மிச்சம்.

"எனக்கு எந்த வண்டியும் இல்ல. உக்காந்துகினே இருந்தேன். யாரும் கூப்புடல டீச்சரக்கா. அப்புறமா மேகத்த ஒதுக்கிகினு வந்துச்சு. தண்ணியெல்லாம் தகதகன்னு... கண்ணு கூசிப்போச்சு. அப்பவும் பாத்துகினேதான் இருந்தேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா கடல்லேர்ந்து வரல. மேகத்துலேர்ந்துதான் வந்துச்சு. கடல்லேர்ந்து வர்றத இன்னும் பாக்கல. இன்னொருக்கா வரணும்" என்றாள்.

ஏதாவது வேண்டுமா என்று கேட்டால் இருபது வருஷமாக ஒன்றும் வேண்டாம் என்று சொன்ன பெண். இப்போது 'வரணும்' என்கிறாள்.

அவர் போன் செய்த விஷயத்தைச் சொன்னேன். என்ன பேசினார் என்று சொல்லவில்லை. அவள் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

திரும்பி வந்து பத்து நாள் இருக்கும். யாழினிக்கு நடந்ததைச் சொன்னேன். ஆராய்ச்சியில் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். பேர் போடாமல் எழுதினால் சரி என்று தங்கம் சொல்லிவிட்டாள். அந்த வாரம் ஒரு சாயங்காலம் ராஜவேலு அண்ணன் ஷிப்ட் முடிந்து, பெல்ட் தூசியோடு நேராக எங்கள் கேட்டுக்கு வந்தார். அடுத்த டூர் விஷயமாக என்று நினைத்தேன்.

"டீச்சர், அன்னிக்குக் காலையில ரூம்ல தனியா உக்காந்துகினு இருந்தீங்களே. அப்ப மனசுல என்னா தோணுச்சு?"

இத்தனை வருஷமாக அவர் எத்தனையோ பேரிடம், சௌகரியமா, சாப்பிட்டீர்களா, நல்லா பார்த்தீர்களா என்று கேட்டிருப்பார். இந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. சுவரைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"அத என்கிட்ட கேக்காதீங்க அண்ணே. தங்கத்துக்கிட்ட கேளுங்க. என்னைவிட அவளுக்குத்தான் நல்லாத் தெரியும்."

தலையாட்டினார். பிறகு போனார். சுவருக்கு அந்தப்பக்கம் அவர் வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்தது. அவர் ஏதோ கேட்பது காதில் விழுந்தது. பிறகு தங்கத்தின் குரல் ஆரம்பித்தது. நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அப்படியானால் நான் பார்க்காத உதயம்? கன்னியாகுமரிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஒரே ஒரு டிக்கெட். வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன்... இந்தப் பத்தி அச்சில் வந்ததும் எனக்கு முன்னால் அவர்தான் படிப்பார், இனி யோசிக்க வேண்டியதில்லை!